கதிரவெளிக்குப் போன கூரை

தேற்றாத்தீவில் சீதேவியைத் தெரியாது என்று ஒருவர் சொன்னால், அவர் அந்த ஊர் ஆளாக இருக்க முடியாது. மெலிந்த உடம்பு, வெயிலில் கறுத்த முகம், வாய் மட்டும் ஊரளவு. தென்னோலையைக் கண்டால் குந்திவிடுவாள். குந்தினால் கூரைக்குக் கிடுகு பின்னி அடுக்காமல் எழும்பமாட்டாள். புருசன் வல்லிபுரம் பாம்பு கடித்துச் செத்துப்போன பிறகு அந்தக் கிடுகை விற்றுத்தான் ஒற்றை மகள் புஸ்பத்தை ஆளாக்கினாள். ஆம்பிளை இல்லாத வீடு என்று யாராவது இரக்கப்பட வந்தால் அவர்கள் கையிலும் ஓர் ஓலையைக் கொடுத்து, "இரக்கப்பட்டுக்கொண்டே பின்னு புள்ள" என்பாள். அதற்குப் பிறகு ஒருத்தரும் இரக்கப்பட வரவில்லை.

இது சண்டைக்கு முந்தின காலத்துக் கதை. மட்டக்களப்புக்கு ரயில் வந்திருந்தது, கல்லடியில் பாலம் வந்திருந்தது. ஆனாலும் எங்கள் சனத்துக்கு உலகம் என்பது மண்டூர்த் திருவிழா வரைக்கும்தான். வடக்கே வாகரைக் காட்டுக்கு அங்கால் கதிரவெளி என்று ஓர் ஊர் இருக்கிறதாம் என்பார்கள். இருக்கிறதாம், அவ்வளவுதான். போய்ப் பார்த்தவர் எவரும் இல்லை.

அந்தக் கதிரவெளியில் இருந்துதான் புஸ்பத்துக்கு மாப்பிள்ளை வாய்த்தான். பெயர் நல்லரத்தினம். மீன்பிடிக்கிற ஆட்களோடு வள்ளத்தில் வந்தவன், குடிக்கத் தண்ணீர் கேட்டுச் சீதேவி வளவுக்குள் கால் வைத்தான். வாங்கின செம்பைத் திருப்பிக் கொடுக்கிற சாட்டில் நாளாந்தம் வந்துகொண்டிருந்தான். பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய்ச் சீதேவியே, "செம்பை வைச்சிட்டு உள்ளுக்கு வா மனே" என்று கூப்பிட்டுவிட்டாள். மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்து இருப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். வீடு வளவெல்லாம் பெண்ணுக்கு. மாப்பிள்ளை உடுத்த உடுப்போடு வந்தால் போதும். நல்லரத்தினத்தின் உடுப்பிலும் பாதி கிழிசல்.

கலியாணம் நல்லபடி முடிந்தது. கரைச்சல் அதற்குப் பிறகுதான் வந்தது.

கலியாணம் முடித்த சோடி மாப்பிள்ளையின் தாய் வீட்டுக்கு ஒரு தரம் போய்வர வேண்டும். கால்மாறிப் போகிறது என்பார்கள். பெண்ணின் தாய் பலகாரம் சுட்டு, ஓலைப்பெட்டிகளில் அடுக்கி, வெள்ளைத் துணியால் மூடிக் கட்டி, தலையில் ஏற்றிவிட வேண்டும். பெட்டி பெண்ணின் தாய் கூரைக்குக் கீழே இருந்து வெளிக்கிட வேண்டும். மாப்பிள்ளையின் தாய் தன் வாசலில் தன் கையால் இறக்கும்வரை மண்ணில் படக்கூடாது. மாப்பிள்ளை பக்கத்து ஊர் என்றால் இது ஒரு விடியற்காலை வேலை. கதிரவெளிக்கு எப்படிச் செய்கிறது?

"செய்யத் தேவையில்ல," என்றார் கந்தப்போடி. இவர் சீதேவியின் மூத்த அண்ணன், வட்டையில் கொஞ்சம் வயல் வைத்திருந்தவர். வயலை விடப் பெரிய மீசையும் வைத்திருந்தார். தாய்மாமன் சொல்லுக்கு மேலே சொல் இல்லை என்பது அவருடைய முடிவான எண்ணம். "பேருக்குச் செய்வம். எங்கட சின்னையா வீட்டை மாப்பிள்ளை வீடு எண்டு வைச்சுப் பெட்டியை அங்க இறக்குவம். ஆரு கேக்கப்போறா?"

கேட்க ஒருத்தி இருந்தாள். நல்லரத்தினத்தின் தாய் கண்ணகை. கதிரவெளிப் பக்கமிருந்து வந்த வள்ளக்காரன் ஒருவன் அவளுடைய சொல்லை அப்படியே கொண்டுவந்து வளவுக்குள் போட்டுவிட்டுப் போனான். "மருமகள் பெட்டியோட என்ர வாசலுக்கு வந்தாத்தான் அவள் எனக்கு மருமகள். இல்லாட்டி அவள் பெறுகிற பிள்ளையை என்ர பேரப்பிள்ளை எண்டு நான் தூக்கமாட்டன்."

புஸ்பம் அடுப்படியில் போய் இருந்து அழுதாள். நல்லரத்தினம் கிணற்றடியில் நின்று கிணற்றையே பார்த்தான். கந்தப்போடிக்கு மீசை துடித்தது. "என்ன திமிர்! காட்டுக்குள்ள கிடக்கிற சனத்துக்கு வந்த வாயைப் பாரு!"

சீதேவிக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எல்லாருக்கும் அதிசயம். "அவ கேக்கிறது ஞாயந்தானே அண்ணே. பத்து மாதம் சுமந்து பெத்தவ. அவட பிள்ளையை நான் என்ர வளவுக்குள்ள வைச்சுச் சோறு போடுறன். அவவுக்கு என்ன மிஞ்சினது? ஒரு பெட்டி பலகாரம் கேக்கிறா. குடுத்தாத்தான் என்ன?"

"போக வழி?"

"வழி பாப்பம்."

வழி பார்ப்பதற்கு முதலில் மருமகனைப் பிடித்தாள். தன் ஊருக்கு வழி தெரியாதவன் இருப்பானா? இருந்தான்.

"நான் கடலால வந்தனான் மாமி. வலது கைப்பக்கம் கரை தெரிஞ்சது. அவ்வளவுதான்."

"கரையில என்ன இருந்தது?"

"காடு."

"காட்டுக்குப் பிறகு?"

நல்லரத்தினம் நன்றாக யோசித்தான். "மறுகாவும் காடுதான் மாமி."

கடலாலேயே போகலாம் என்றால் அதுவும் ஒண்ணாது. பெண் ஏறின வள்ளத்தில் அந்த ஆட்கள் வலை ஏற்றமாட்டார்கள். ரயிலில் வாழைச்சேனை வரைக்கும் போகலாம். அதற்கங்கால் காடு அப்படியே இருக்கும். சீதேவி ஒரு கட்டுக் கிடுகைச் சாட்டாகத் தலையில் தூக்கிக்கொண்டு காத்தான்குடிக்கு வெளிக்கிட்டாள்.

அங்கே ஸகியா இருந்தாள். தறி போட்டு ஆம்பிளைகள் உடுக்கிற சாரம் நெய்கிறவள். அவளுடைய தறிக்கொட்டிலுக்குக் கிடுகு கொடுத்துக் கொடுத்துத்தான் இரண்டு பேரும் சிநேகிதமானார்கள். கதையைக் கேட்டதும் ஸகியா தறியை நிறுத்திவிட்டு வாயில் கை வைத்தாள்.

"ஒனக்கென்ன பைத்தியமா சீதேவி? ஆனையும் கரடியும் உள்ள காடு புள்ள அது."

"ஆனை கரடிக்குப் பயந்தா கண்ணகைக்கு ஆரு பதில் சொல்லுற?"

ஸகியாவுக்கு அது பிடித்துப்போயிற்று. விழுந்து விழுந்து சிரித்தாள். "இரு. எங்கட இப்றாஹிம் நானா பகல் சோத்துக்கு வந்திரிக்கார். அவருதான் அந்தப் பக்கத்து ராசா."

இப்றாஹிம் ஏறாவூரில் மாட்டுக் கரத்தை வைத்திருந்தவர். தங்கச்சி நெய்கிற சாரத்தை வடக்கே கொண்டுபோய் விற்பார், திரும்பி வரும்போது கருவாடு ஏற்றி வருவார். சோறு தின்ற கையைக் கழுவிவிட்டு, தங்கச்சியின் நூற்கட்டைகளை எடுத்துப் பாயில் ஒவ்வொன்றாக வைத்தார். இது ஏறாவூர். இது ஓட்டமாவடிப் பாலம். இதிலிருந்து தார் ரோட்டு இல்லை, மணல். இந்த இடத்தில் யானை தண்ணீர் குடிக்க இறங்கும். வெயில் ஏறின பிறகுதான் தாண்ட வேண்டும். இது பனிச்சங்கேணி, ஓடத்தில் ஏறி ஆறு கடக்க வேண்டும். இது வாகரை. கடைசிக் கட்டை கதிரவெளி.

"தனிக் கரத்தை போகாது தங்கச்சி. நாங்க நாலைஞ்சு பேர் சேந்துதான் போற. வைகாசி முடியிறதுக்குள்ள ஒரு பயணம் இரிக்கி. உங்கட ஊரிலிருந்து ஏறாவூர் வரைக்கும் ஆத்தால தோணியில வந்திரு. சோழகக் காத்து வடக்கத் தள்ளிவிடும். மிச்சம் என்ட பொறுப்பு."

"கரத்தை கருவாடு மணக்குமா காக்கா?"

"போகேக்க சீலை மணக்கும். வரேக்கதான் கருவாடு."

சீதேவி அந்த நூற்கட்டைகளைக் கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒன்றுவிடாமல் தானே எடுத்து வைத்துக் காட்டினாள். எங்கே தண்ணீர் நல்லது, எங்கே படுக்கலாம், மாட்டை எங்கே அவிழ்ப்பது என்று கேள்வி மேல் கேள்வி. இப்றாஹிம் கடைசியில், "தங்கச்சி, நான் வராட்டியும் நீ போயிடுவாய் போல" என்றார்.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னாள். பலகாரம் இங்கே சுட்டால் பூத்துப்போகும், பெட்டியும் வழியில் மண்ணில் படும். ஆகவே மாவும் எண்ணெயும் சர்க்கரையும் கொண்டுபோகலாம். கதிரவெளி எல்லையில் அடுப்பு மூட்டலாம். அங்கே சுட்டு, அங்கேயே தலையில் ஏற்றலாம். இவ்வளவும் அண்ணனுக்கு நேரே நின்று சொன்னாள்.

கந்தப்போடி வெற்றிலையை மென்று துப்பினார். "எல்லாம் சரி. பெட்டி எங்கயிருந்து வெளிக்கிடோணும்?"

"தாய்ர கூரையால."

"கதிரவெளி எல்லையில உனக்குக் கூரை இருக்கா?"

சீதேவிக்கு வாய் அடைத்துவிட்டது. ஊரில் அவள் வாய் அடைத்த நாள் அதுதான் முதல் என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். மரத்துக்குக் கீழே சுட்ட பலகாரத்தைக் கொண்டுபோனால், "தாய் வீட்டுப் பெட்டி இல்ல இது" என்று கண்ணகை ஒரு சொல் சொன்னால் போதும், பட்ட பாடெல்லாம் வீண். மகளுடைய முகத்தைப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. கந்தப்போடி மீசையைத் தடவிக்கொண்டு எழும்பிப் போனார். புஸ்பம், "விடுங்க அம்மா, சின்னையா வீட்டுக்கே போவம்" என்றாள். சீதேவி பாயில் சரிந்து மேலே பார்த்தபடி கிடந்தாள்.

அடுத்த நாள் வெள்ளாப்பில் ஊர் எழும்பினபோது சீதேவி கூரையில் இருந்தாள்.

முன்பக்கக் கூரையின் கிடுகை ஒவ்வொன்றாகக் கட்டவிழ்த்துக் கீழே போட, நல்லரத்தினம் அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். வேலியோரம் சனம் கூடிவிட்டது. கந்தப்போடி சால்வையை இழுத்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"என்னடி செய்யிறாய்?"

"கூரையைக் கழட்டுறன் அண்ணே. பெட்டி என்ர கூரையால வெளிக்கிடோணும் எண்டீங்களே? கதிரவெளியில நாலு கம்பு நட்டு இதைத்தான் போடப்போறன். கூரை என்ர கூரை. கீழ இருக்கிற தாய் நான். இனிச் சொல்லுங்க."

கந்தப்போடி சொல்லப் பார்த்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "அடுப்பு?"

"அடுப்புக்கல்லு அங்க சாக்கில கட்டிக் கிடக்கு."

"மழை பெஞ்சா வீடு?"

"மழைக்கு மாதம் கிடக்கு. நான் கிடுகு பின்னுறவள். மறந்துபோனீங்களா?"

வேலியோரம் நின்ற பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். யாரோ ஒருத்தி, "போடியார், தாய்மாமன் இல்லாமப் பெட்டி போகாதே, நீங்களும் போகோணுமே" என்று எடுத்துக்கொடுத்தாள். உண்மைதான். பெட்டியில் ஒன்றைத் தாய்மாமன்தான் சுமக்க வேண்டும். வழக்கம் வழக்கம் என்று நின்ற மனிதர் இப்போது அந்த வழக்கத்தை விட்டுவிட்டு எங்கே ஓடுவார்? மீசையைத் தடவப் போன கை பாதியில் நின்றுவிட்டது.

அவர்கள் வெளிக்கிட்ட அன்று ஊரே ஆற்றங்கரைக்கு வந்தது. தோணியில் கிடுகுக் கட்டு, அதற்கு மேலே அடுப்புக்கல் சாக்கு, மாப்பெட்டி, எண்ணெய்த் தகரம், நடுவில் புஸ்பம், ஓரத்தில் கந்தப்போடி. இப்றாஹிம் சொன்னபடியே சோழகம் தள்ளிவிட்டது. கல்லடிப் பாலத்துக்குக் கீழே போகும்போது பாலத்தில் நின்ற ஒருவன், "எங்க, குடி பெயர்ந்து போறீங்களா?" என்று கத்தினான். "இல்ல தம்பி, விருந்துக்குப் போறம்!" என்று சீதேவியும் கத்தினாள்.

ஏறாவூரில் கரத்தைகள் ஆயத்தமாக நின்றன. ஓட்டமாவடிப் பாலம் தாண்டி, மணல் பாதை தொடங்கி, காடு இரண்டு பக்கமும் நெருங்கி வந்தது. யானைத் துறையில் நன்றாக வெயில் ஏறும்வரை காத்திருந்தார்கள். பாதையில் சூடு ஆறாத யானைச் சாணத்தைக் கண்டு கந்தப்போடி ஊரில் உள்ள எல்லாச் சாமிக்கும் நேர்த்தி வைத்தார். எல்லாவற்றையும் நிறைவேற்றுவதென்றால் வயலை விற்றாக வேண்டும்.

பனிச்சங்கேணியில்தான் கஷ்டம் வந்தது. காற்று எழும்பி ஆறு கொந்தளித்துக்கொண்டிருந்தது. ஓடக்காரன் கிடுகுக் கட்டைப் பார்த்து, "ஆக்களை ஏத்துறன். இந்தக் குப்பையை ஏத்த ஒண்ணா. காத்துப் பிடிச்சுக் கவிழ்ந்துபோயிடும்" என்றான். அங்காலேயும் காட்டில் வேய்வதற்குப் புல் கிடக்கிறதே, பிறகென்ன என்று கேட்டான். இப்றாஹிம் சொல்லிப் பார்த்தார். அவன் மசியவில்லை.

புஸ்பத்தின் முகம் விழுந்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்து, ஓர் ஆற்றுக்கு இங்கால் எல்லாம் முடிந்துவிடுமா?

சீதேவி போய்க் கிடுகுக் கட்டுக்கு மேல் ஏறிச் சம்மணம் கட்டி இருந்தாள். "இது குப்பையில்ல தம்பி, என்ர வீடு. வீட்டை விட்டுட்டு வர நான் பரதேசியில்ல. காத்து விழட்டும். நான் இருக்கிறன். நீயும் இரு." பிறகு அவனுடைய தாயைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினாள். தாய் எந்த ஊர், எத்தனை பிள்ளை, இவன் கலியாணம் முடித்தவனா, முடித்து எங்கே போனான், போன பிறகு தாயைப் போய்ப் பார்த்தானா? ஓடக்காரன் முதலில் முறைத்தான், பிறகு பதில் சொன்னான், பிறகு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெயில் சாய, காற்றுத் தணிய, அவனே எழும்பி வந்தான்.

"வீட்டை முதல்ல ஏத்துவம் அம்மா. நீங்க மேலயே இருங்க."

அப்படித்தான் சீதேவி பனிச்சங்கேணி ஆற்றைக் கடந்தாள், தன் கூரைக்கு மேலே இருந்துகொண்டு. ஆறு இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் அப்படி ஒரு சந்தோசத்தைத் தான் பிறந்த நாள் தொட்டுக் கண்டதில்லை என்று சாகும்வரைக்கும் சொல்லுவாள்.

கதிரவெளி எல்லையில், ஒரு வீரை மரத்தடியில், நல்லரத்தினம் கம்பு நட்டான். தேற்றாத்தீவுக் கிடுகு ஏறிற்று. சீதேவி அடுப்புக்கல்லை வைத்து, சாணம் தெளித்து, நெருப்பு மூட்டினாள். பயற்றம் பணியாரம், அரியதரம், முறுக்கு என்று எண்ணெய் கொதிக்கக் கொதிக்க மணம் ஊருக்குள் போயிற்று. மணத்துக்குப் பின்னால் ஊர் வெளியே வந்தது. முதலில் நாய்கள், பிறகு சின்னஞ்சிறுசுகள், அதற்குப் பிறகு பெண்கள்.

"ஆரு நீங்க?"

"நல்லரத்தினத்திட மாமி. கால்மாறி வந்திரிக்கம்."

"எங்கயிருந்து?"

"இந்தா, என்ர வீட்டில இருந்துதான்," என்று சீதேவி கூரையைக் காட்டினாள்.

செய்தி ஊருக்குள் பறந்தது. பெட்டிகளுக்கு வெள்ளைத் துணி கட்டியானது. முதல் பெட்டி புஸ்பத்தின் தலையில், அடுத்தது கந்தப்போடியின் தலையில். வாழ்நாளில் நெல்மூட்டைகூடச் சுமக்காத மனிதர் அன்றைக்குக் கழுத்தை விறைத்துக்கொண்டு நேரே பார்த்து நடந்தார். சும்மா சொல்லக்கூடாது, கம்பீரமாகத்தான் நடந்தார். குரவை போட்டுக்கொண்டு கதிரவெளிப் பெண்கள் இரண்டு பக்கமும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு பெட்டியும் மண்ணைத் தொடவில்லை.

கண்ணகை வாசலில் நின்றாள். பெரிய ராட்சசி ஒருத்தியை எதிர்பார்த்த கந்தப்போடி ஏமாந்துபோனார். சின்னக் கட்டையான மனுசி. வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். மகனைக் கண்டாள், மருமகளைக் கண்டாள், பெட்டியைக் கண்டாள். அது வரைக்கும் அவள் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

புஸ்பத்தின் தலையில் இருந்து பெட்டியை இறக்க இரண்டு கையையும் நீட்டினாள். பாரத்தில் பெட்டி ஒரு பக்கம் சரிந்தது. சீதேவி ஓடிப்போய் மற்றப் பக்கத்தைப் பிடித்தாள். இரண்டு தாய்களுமாகப் பெட்டியை இறக்கிப் பாயில் வைத்தார்கள். கண்ணகை நிமிர்ந்தாள், அழுதாள், அழுகையோடேயே ஊரைப் பார்த்துச் சத்தம் வைத்தாள்.

"ஆரு சொன்னது? தெற்கால போன பொடியன் போனவன்தான், அந்தச் சனம் இந்தக் காட்டுக்கு வராது எண்டு ஆரு சொன்னது? வாங்க! வந்து பாருங்க! என்ர மருமகள் வந்திட்டாள்! என்ர மருமகள் பெட்டியோட வந்திட்டாள்!"

கண்ணகை பெட்டியைத் திறந்து முதல் பணியாரத்தை எடுத்தாள். மகனுக்குத்தான் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் அதைச் சீதேவியின் வாயில் வைத்தாள். "தின்னு சம்பந்தி. நீ இவ்வளவு தூரம் வந்தாய். எனக்கு இனி ஊருக்குள்ள தலை குனிய வேண்டியதில்ல."

சீதேவி பணியாரத்தை மென்றாள். கண்ணால் தண்ணீர் ஓடியது. துடைக்கவும் இல்லை.

அப்போதுதான் கூட்டத்தில் நின்ற வயதான மனுசி ஒருத்தி மெல்ல முன்னுக்கு வந்து அவளுடைய கையைப் பிடித்தாள். "புள்ள, என்ர மகன் களுதாவளையில கலியாணம் முடிச்சவன். மூண்டு பிள்ளையாம். நான் ஒண்டையும் காணல்ல. அந்தச் சனத்துக்கு வழி தெரியாதாம்." அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி வந்தாள். "என்ர மகன் குருக்கள்மடத்தில." அவளுக்குப் பின்னாலும் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

சீதேவி வாயில் இருந்ததை விழுங்கினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கண்ணகையின் வாசலில் நன்றாகக் குந்தி இருந்தாள்.

"இஞ்ச கிட்ட வாங்க எல்லாரும். மகன்ர பேரைச் சொல்லுங்க, பெண்ணெடுத்த ஊரைச் சொல்லுங்க. களுதாவளை எங்கட பக்கத்து ஊர்தான். அந்தப் பொம்பிளையளிட தாய்மாரை நான் பாத்துக்கொள்ளுறன். வழி தெரியாதாமே? அடுத்த வைகாசிக்குள்ள ஒருத்தி விடாம எல்லாரையும் இஞ்ச கொண்டுவந்து இறக்காட்டி என்ர பேர் சீதேவி இல்ல!"